சுவருக்குள் போன குழாய்

பைப் வேலைக்காரனின் வேலை சரியாக இருந்தால் ஒருவருக்கும் அவன் ஞாபகம் வராது. ஒரு சொட்டு ஒழுகினால் அவன் வீட்டு விலாசம் ஊருக்கே ஞாபகம் வந்துவிடும். பிறர் வீட்டில் வேலை செய்து பேச்சு வாங்கிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுபதுகளில் ஓர்ஸ் ஹில்லில் ஒரே வீட்டில் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

குழாய் செய்த குற்றம்

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற சின்னத்துரை ஐயாவின் குளியலறைக்கு நான்தான் தண்ணீர் கொண்டுவந்தேன். சுவர் நெடுக ஓடிய இரும்புக் குழாய்க்கு வெள்ளிப் பெயின்ற் அடித்து, வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். இரண்டு வருடம் கழித்து மகளுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. அந்த வீடுதான் சீதனம். மாப்பிள்ளை பகுதி வீடு பார்க்க வருமுன் குழாயை மறைக்க வேண்டுமாம்!

"ஐயா, சுவருக்குள்ள துருப்பிடிச்சால் எந்த இடம் எண்டு தேடிப்பிடிக்க ஏலாது" என்றேன். கலியாணத்தைக் குழப்ப வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"கொழும்பில என்ர மச்சான் வீட்டில குழாயே கண்ணில படாது. நீர் மட்டும் ஏன் ஏலாது எண்டு கதைக்கிறீர்?"

ஒரு நாள் பொறுக்கவில்லை

சுவரை வெட்டிக் குழாயை உள்ளே இறக்கினேன். இதற்கு ஒரு முறை உண்டு. வெட்டிய பள்ளத்தை உடனே பூசக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் குழாய்க்குள் தண்ணீரை அடைத்து வைத்து, கசிகிறதா என்று பொருத்துகளையெல்லாம் கையால் தடவிப் பார்க்க வேண்டும். சுவர் பூச வந்த மேசனிடமும் ஐயாவிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் உப்புவெளியில் என் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தேன்.

மறுநாள் வந்தால் சுவர் மொழுமொழுவென்று பூசி முடிந்திருந்தது! ஐயா அவசரப்படுத்தினாராம், மேசன் பூசிவிட்டாராம். உள்ளே ஒரு பொருத்து கசிந்தாலும் சீதன வீட்டுச் சுவர் ஊறும், பழி என் தலையில் விழும். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சுவரைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். ஐயா ஆறுதலாகக் கேட்டார்:

"நீர் ஒழுங்காச் செய்திருந்தால் பிறகேன் பார்க்கோணும்?"

நல்ல நேரத்தில் வராத தண்ணீர்

அந்தப் பகுதிக்குத் தண்ணீர் காலையும் மாலையும்தான் வரும். மாப்பிள்ளை பகுதியோ, சாத்திரியார் குறித்த நல்ல நேரப்படி பதினொரு மணிக்கு வந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போனால், மாப்பிள்ளையின் தாய் குளியலறைப் பைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிறா. ஒரு சொட்டும் இல்லை. நிலாவெளியில் கிணற்றடியில் குளித்துப் பழகிய மனுசி அவ. குழாயே தெரியாத சுவரில் பைப் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றால் சந்தேகம் வராதா? தங்களை ஏமாற்றச் சும்மா செருகி வைத்ததாம்!

உள்ளே குழாய் ஓடுகிறது என்று சத்தியம் பண்ணினேன். குழாய் பூட்டின ஆளின் சாட்சி செல்லாதாம். சம்பந்தம் முறியப் போகிறதென்று ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "சுவரை உடைச்சுக் காட்டும்!" என்றார்.

உளியை வைத்தேன். எனக்குச் சம்பந்தத்தைவிட என் பொருத்துகளைப் பற்றித்தான் பயம். பூச்சு விழுந்தது. காலைத் தண்ணீர் வந்து போயும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் குழாயைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினா. "ஓம், தண்ணி வசதி இருக்கு. இவ்வளவு வடிவான குழாயை ஆர் மூடச் சொன்னது?"

ஐயா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இந்தப் பைப் வேலைக்காரர்தான். சொன்னால் கேட்டால்தானே!"

கலியாணம் சிறப்பாக நடந்தது, குழாய் வெளியிலேயே நின்றது, அதை மறைத்த பழி மட்டும் இன்றுவரை என்னுடையது.