உப்பு தங்காத உடம்பு

குடிகாரன், பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவன் என் மருமகன். என் மகளே வாயைத் திறக்காமல் இருக்கிறாள். நான் இருக்க மாட்டேன்.

ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன். வேலை விட்டு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அவன்தான் கறுக்க ஆரம்பித்தான். அடுப்புச் சூடு என்றார்கள். சூடு ஈறுக்குள்ளுமா போகும்? உள்ளங்கை ரேகைகூட மையால் கோடு போட்டதுபோல் ஆனது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. உட்கார்ந்து எழுந்தால் தள்ளாடினான். உடனே குடி என்று முடிவு கட்டிவிட்டார்கள். உப்பை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். "ரொட்டிக்கும் கொஞ்சம் மிச்சம் வைடா" என்பாராம் முதலாளி.

ஒருநாள் மாவு மூட்டைமேல் சாய்ந்தவன் எழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதன் வெளிப்பகுதியில் ஊறும் ஹார்மோன்தான் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிறதாம். காய்ச்சல், அடி என்று வந்தால் உடம்பை விழாமல் தாங்குகிறதாம். இவனுக்கு அது வற்றிவிட்டது. கறுத்ததும் தள்ளாடியதும் அதனால்தானாம். ஆயுசுக்கும் மாத்திரை. காய்ச்சல் வந்தால் இரண்டு பங்கு. ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

மாத்திரை உள்ளே போனதும் ஆள் தேறினான். அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்தாள். மூச்சிரைப்புக்கு இந்த வகை மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கிய அவள் அம்மாவுக்கு முகம் பூசணிக்காயாக உப்பி, எலும்பு பொடிந்ததாம். அது பொய்யில்லை. ஆனால் அந்தம்மா உடம்பில் ஊறுவதற்கு மேல் ஊற்றினாள். இவன் இல்லாததை அல்லவா ஊற்றிக்கொள்கிறான்? என் மகளுக்கு அது ஏறவில்லை. நிறுத்தச் சொல்லி அழுதாள். அவன் மறுத்தான். மருந்து வாங்கி வருவது அவள்தான். வாங்கியதை மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, "கடையில இல்லையாம், நாளைக்கு வருமாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. வாந்தி நிற்கவில்லை, கைகால் சில்லிட்டுப் போனது. கடை ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் போட்டு உயிரை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாவு டப்பாவை அவனே திறந்து பார்த்தான். யார் சொன்னதென்று கேட்காதீர்கள்.

"உங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றாள் மகள்.

"தெரியும். அதான் பயமா இருக்கு. வெறுப்புல செஞ்சிருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டு இங்கயே கிடந்திருப்பேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் துணிப்பையைத் தோளில் மாட்டினான்.

"போயிட்டு வர்றேன் அத்தை."

இருங்கள் என்று நான் சொல்லவில்லை. "மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றுதான் கேட்டேன்.

சட்டைப்பையைத் தொட்டுக் காட்டிவிட்டு, அதன் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கினான்.