ரெண்டு டைல்ஸ் தள்ளி

2006 அல்லது 2007 இருக்கும். என் மகள் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பர் துபாயில் ஒரு பழைய ஃபிளாட்டில் இருந்தோம். அங்கே எல்லாரும் செய்வதுபோல நாங்களும் ஒரு அறையை உள்வாடகைக்கு விட்டிருந்தோம். வந்தவர்கள் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரை ஊர்த் தம்பதி. அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ், கணவர் ஏசி டெக்னீஷியன்.

குடும்பம் இரண்டு, சமையலறை ஒன்று. அதனால் யார் எப்போது சமைப்பது என்று டைம்டேபிள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ரூல் போடுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. என் மகளுக்கும் ஒரு ரூல் இருந்தது, அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. படிக்கிற பிள்ளைக்குக் கரண்டி எதற்கு என்பது என் கட்சி.

ஆனால் அந்தப் பெண் சமைக்கும் நேரம் வந்தால் என் மகள் நைஸாக உள்ளே நுழைந்துவிடுவாள். அவள் "வா மக்ளே" என்று ஒரு ஸ்டூலைப் போட்டு, பயறு பொறுக்கவும் மாவு பிசையவும் விடுவாள். "ஆன்ட்டி செய்றதுதான் சூப்பர்" என்று என் மகள் என்னிடமே வந்து சொல்வாள். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

அவளுக்கும் ஊரில் எட்டு வயதில் ஒரு பெண் இருந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. போனில் "சாப்பிட்டியா மக்ளே" என்பதற்கு மேல் பேச்சு ஓடாது, பிள்ளை போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். போன லீவில் பொம்மை, சாக்லேட் எல்லாம் கொடுத்தும் பிள்ளை ஒட்டவில்லையாம். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் போய் இரண்டு பேருமாகச் சேர்ந்து முந்திரிக்கொத்து செய்யப் போவதாகப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். கூடவே நின்று ஒன்றைச் செய்தால் பிள்ளை தன்னிடம் வந்துவிடுவாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

முந்திரிக்கொத்துக்கு வறுத்த சிறுபயற்றைப் பொடித்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். பிறகு மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்க வேண்டும். அவள் லீவுக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை நான் மீனா பஜார் போய்விட்டுத் திரும்பினேன். என் மகள் சமையலறையில் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியிருந்தது.

"பிள்ளைய ஊர்ல விட்டுட்டு வந்தவங்களுக்குப் பிள்ளையோட அருமை எங்க தெரியப் போகுது?" என்று கத்திவிட்டேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். உருண்டைகளை ஒரு டப்பாவில் போட்டு என் பக்கம் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் அள்ளப் பார்க்கக்கூட இல்லை. வீம்பு! அதற்குப் பிறகு என் மகள் எட்டிப் பார்த்தால், "அம்மா ஏசுவாங்க, போய்ப் படி மக்ளே" என்று அனுப்பிவிடுவாள்.

ஜனவரியில் திரும்பி வந்தாள். என் மகள்தான் ஓடிப் போய், "ஆன்ட்டி, பாப்பாவும் நீங்களும் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மகளை அனுப்பிவிட்டு என்ன என்று கேட்டேன். பிள்ளை ஆசையாக வந்து உருட்டியிருக்கிறாள். "அம்மா, இது சரியா இருக்கா?" என்று கேட்டாளாம். முதல் தடவையாக அம்மா என்று. அந்தச் சந்தோஷத்தில் இவள் எண்ணெயில் போடவும் பிள்ளையையே விட்டிருக்கிறாள். பிள்ளை பயந்து உயரத்திலிருந்து போட்டதில் எண்ணெய் மணிக்கட்டில் தெறித்துவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் அலறிக்கொண்டு ஓடிப் போய்ப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டவள், லீவு முடியும்வரை இவள் பக்கம் வரவேயில்லை.

"தினம் எத்தன பேருக்கு மருந்து கட்டுதேன். எனக்க பிள்ள கையத் தொட விடல்லக்கா. எட்டு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு சூடு தாங்கும், அடுப்புல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கணும், ஒண்ணும் எனக்குத் தெரியல்ல. உங்க பிள்ளைய வச்சுத்தான் பாத்து வச்சுக்கிடலாம்னு நெனச்சேன். நீங்க உங்க பிள்ளைய எப்பக்கா அடுப்புக்கிட்ட விடுவீங்க?"

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டாள். என் பிள்ளையை நான் விட்டதே இல்லையே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "விடுங்கக்கா, உங்க பிள்ள, உங்களுக்குப் பயம் இருக்காதா?" என்று என்னையே தேற்றினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டைம்டேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே பயறு வறுத்தேன். என் மகளை அவளிடம் ஒப்படைத்தேன். "ரெண்டு டைல்ஸ் தள்ளி நில்லு மக்ளே" என்று தரையைக் காட்டினாள். பின்னாலிருந்து கையைப் பிடித்து, நீளக் கரண்டியில் வைத்து, எண்ணெய்க்குப் பக்கத்தில் தாழ்த்தி மெல்ல விடச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. என் மகள் கை தட்டிக் குதித்தாள். அவளும் சிரித்தாள். பிறகு அந்த இரண்டு டைல்ஸைப் பார்த்தபடியே, "அடுத்த லீவுக்குப் போகும்போ அவளுக்குப் பத்து வயசாயிரும்லாக்கா" என்றாள்.

அந்த வருஷமே கிளினிக் மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். என் மகள் இப்போது எனக்கே சமைத்துப் போடுகிறாள். அவள் அடுப்புமுன் நிற்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் வந்து சேர்ந்திருக்குமே என்ற நினைப்பு வந்துவிடுகிறது.