அடைக்கலமேரி மாடி இறங்கியது

என் அம்மா அடைக்கலமேரி பருமனானவள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவளைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். முக்கால்வாசிப் பேர் இங்கேயே முடித்தும்விடுவார்கள்.

ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. கீழ்ப் போர்ஷனில் ஷாகுல் ஹமீது பாய் தார்ப்பாய் தைப்பார். அவர் மனைவி ஷரீஃபுன்னிசா. மாடியில் நாங்கள் மூன்று பேர். அப்பா இன்னாசி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். நான் ஒரே பெண், ஃப்ளோரா. டிப்ளமோ முடித்து, திருவொற்றியூரில் ஒரு இரும்புத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கருவிகளின் வரைபடம் போடுவது என் வேலை. மனிதர்களைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை.

நான் பள்ளியில் படித்தபோது அரிசி கிடைக்காது. ரேஷன் வரிசையில் அம்மாவோடு நிற்பேன். முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இவளுக்கு இன்னாத்துக்கு அரிசி? ஒடம்புலயே ஒரு மூட்டை கீதே."

"புருஷன் கோதுமைக் கப்பல்ல வேலை செய்றான் இல்ல? அதான்."

அப்பா ஒரு மணி கோதுமைகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அம்மா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் அம்மாவும் அப்படித்தானாம். ஆனால் அதே பெண்கள் தங்கள் வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால் அம்மாவிடம் அனுப்புவார்கள். அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்றால் குழந்தை கொழுகொழு என்று பிறக்குமாம். ஞானஸ்நான விருந்துகளில் அம்மாவைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். தெருவில் எல்லாரும் எலும்பும் தோலுமாக இருந்த காலம் அது. பொறாமையில் மரியாதையும் கலந்திருந்தது.

பிறகு சோறு கிடைத்தது. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. கேன்டீனில் வயிறு நிறையப் போட்டார்கள். தெருவில் பையன்களுக்குக் கன்னம் உப்பியது. ஆண்கள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் அம்மாவின் உடம்பைப் பார்த்து யாரும் பொறாமைப்படவில்லை. சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பெயர் கிடைத்தது அப்பாவின் சாவன்று.

அப்பா அறுபத்தொன்பதாம் வருஷம் மஞ்சள் காமாலையில் போனார். எங்கள் படிக்கட்டு குறுகலானது. பாதியில் சுவரை ஒட்டி வளையும். வெறும் பெட்டியே அந்த வளைவில் திரும்பவில்லை. கடைசியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைப் போர்வையில் சுருட்டி, மடக்கி, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் இறக்கினார்கள். முன்பக்கம் பிடித்தவர் லியோனார்ட். அப்பாவோடு வின்ச் ஓட்டியவர், எலும்பன், வாயாடி, எங்கள் வீட்டில் ஒருவர் மாதிரி. கீழே வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணனுக்கே இந்தப் பாடு. அண்ணி போற அன்னிக்கு ஹார்பர் கிரேனத்தான் இட்டாரணும்."

துக்க வீடு சிரித்தது. அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள்.

அப்பாவுக்குப் பின் அம்மா மாடியில் மெஸ் நடத்தினாள். கல்யாணமாகாத துறைமுகக் குமாஸ்தாக்களும் ஃபிட்டர்களும் வருவார்கள். ஒரு மாதத்தில் அதற்குக் 'கிரேன் மெஸ்' என்று பெயர் வந்துவிட்டது. "கிரேன் மெஸ்ஸுக்குப் போலாம் வா மாமு" என்று தெருமுனையில் கூப்பிடுவது மாடிக்கே கேட்கும்.

"பேரு நல்லாத்தான் இருக்கு. போர்டே வெச்சிரலாம்" என்பாள் அம்மா. "மெஸ் நடத்துறவ ஒல்லியா இருந்தா எவன் நம்பி ஏறி வருவான்?"

அவள் எல்லாருக்கும் பரிமாறுவாள். யாரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். கல்யாணப் பந்தியில் இலையில் கொஞ்சம் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். "அக்கா வூட்டுலயே ஒரு ரவுண்டு முடிச்சிட்டு வந்துகிறாங்க" என்பார்கள். நிறைய வாங்கினால் ஒரு பேச்சு, குறைத்து வாங்கினால் ஒரு பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஃப்ளோரா, நீதான் அளவெல்லாம் எடுக்குறியே. இந்தப் படிக்கட்டு எவ்ளோ அகலம்?"

"எதுக்கும்மா?"

"சும்மாத்தான்."

சும்மா இல்லை என்று தெரிந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அகலம் இரண்டேகால் அடி. வளைவில் இன்னும் குறைவு. தாளில் வரைந்து காட்டினேன். "ஆறடிப் பெட்டி எதுவும் இதுல திரும்பாது. உள்ள யாரு இருந்தாலும் திரும்பாது. குச்சி மாதிரி ஆளா இருந்தாலும் இதே கதிதான். தப்பு படிக்கட்டோடது."

அம்மா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"படிக்கட்டப் பாத்து யாரும் சிரிக்கமாட்டாங்கடி" என்றாள். பிறகு, "என்னைக் கயிறு கட்டி மட்டும் இறக்காத. தெருவே நின்னு பாக்கும்" என்றாள்.

அதற்கப்புறம் எனக்குக் கீழ்வீடு தேடுவதே வேலையாகிவிட்டது. தண்டையார்ப்பேட்டை வரை அலைந்தேன். கீழ்வீடு கிடைத்த இடத்தில் மெஸ் வைக்க விடவில்லை. மெஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை என்று அம்மா நினைத்தாள். என் சம்பளம் போதும் என்றேன். கேட்கவில்லை.

மூச்சு வாங்குவது அதிகமாயிற்று. பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஸ்டெதஸ்கோப் மேஜைமேலேயே கிடந்தது.

"காலைல எத்தனை இட்லி சாப்பிடுவீங்க?"

"ரெண்டு" என்றாள் அம்மா.

"ரெண்டு டஜனா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சிரித்தாள். "வாயைக் கட்டுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார் டாக்டர். மருந்து எதுவும் எழுதவில்லை.

அம்மா வாயைக் கட்டினாள். பத்துப் பதினைந்து பேருக்குக் குழம்பு வைத்துவிட்டு, அவள் ஒரு தம்ளர் கஞ்சி குடித்தாள். உடம்பு குறையவில்லை. ஏறியது. மூச்சுக்குப் பயந்து கீழே இறங்குவதை நிறுத்தினாள். கோயிலுக்கும் போகவில்லை, பங்குச் சாமியார் மாடிக்கு வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போனார். மெஸ் பையன்கள், "அக்கா பட்டினி கெடந்தே ஊதுறாங்கப்பா" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஷரீஃபுன்னிசா. ஒருநாள் மாலை இஞ்சி கேட்க மாடிக்கு வந்தவள் அம்மாவின் காலைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்தாள். பள்ளம் பள்ளமாகவே நின்றது.

"மேரியக்கா, இது கொழுப்பு இல்ல. தண்ணி. எங்க மாமியாருக்கு இதேதான். நெஞ்சுல கோளாறு இருந்தா இப்டி நிக்கும். பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போ ஃப்ளோரா, லேட் பண்ணாத."

நான் மறுநாளே போகலாம் என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். "நடந்து எறங்க முடியாது. தூக்க வேண்டி வரும். வாணாம்."

எனக்குத் தூக்கம் போயிற்று. வேலை நேரத்தில் கோடு போடும்போதே யோசித்தேன். நாற்காலியில் வைத்து இறக்கினால் வளைவில் முன்னால் இருப்பவர் எங்கே நிற்பார்? எத்தனை பேர் பிடிக்க முடியும்? தார்ப்பாயில் படுக்க வைத்தால்? எல்லாவற்றையும் வரைந்து பார்த்தேன். இரண்டு பேருக்குமேல் அந்தப் படியில் நிற்க இடமில்லை. மேலிருந்து தாங்கிப் பிடிக்கக் கயிறு வேண்டும். கயிறு இல்லாத வழி ஒன்றுகூட இல்லை.

லியோனார்டிடம் சொன்னேன். அவர் அன்றே துறைமுக ஆட்கள் மூன்று பேரை அழைத்து வந்தார். தோளில் கயிற்றுச் சுருள். அவர் நல்ல எண்ணத்தில்தான் வந்தார். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் அம்மாவின் கண் கயிற்றின்மேல் நின்றது.

"அண்ணி, மேலருந்து புடிச்சிக்கத்தான் இது. பயப்படாத."

"எடுத்துனு போ லியோனார்டு."

"அண்ணி, அன்னிக்கு நான் சும்மா தமாசுக்குச் சொன்னது..."

"தெரியும்டா. நல்லாத்தான் இருந்திச்சி. நானும் சிரிச்சேன் இல்ல? எடுத்துனு போ."

கீழே வாசலில் அதற்குள் கூட்டம். "இன்னா, கிரேன் வந்துருச்சா?" என்று ஒரு குரல் மாடிக்கு ஏறி வந்தது. லியோனார்ட் படியில் இறங்கிப்போய் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவன் கேட்ட 'கிரேன்' தன்னுடைய சொந்த வார்த்தை என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலை அம்மாவால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்த வாக்கில் மூச்சுக்குப் போராடினாள். உதடு கறுத்திருந்தது. நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன். ஷரீஃபுன்னிசா மேலே வந்தாள். கெஞ்சவில்லை.

"மேரியக்கா, இப்ப ஆம்பளைங்க வேலைக்குப் போயாச்சு. பசங்க ஸ்கூலுக்குப் போயாச்சு. பாய் தெச்ச தார்ப்பா பெருசா ஒண்ணு கீது. தெருவாசல்ல கட்டிடறேன். காக்கா கூட பாக்காது. நீ ஒக்காந்து ஒக்காந்தே எறங்கு. கொழந்த எறங்குற மாரி."

அம்மா அவளைப் பார்த்தாள். "நல்லா இழுத்துக் கட்டுவியா?"

"கப்பலுக்குக் கட்டுற தார்ப்பாக்கா அது."

அம்மா இறங்கினாள். ஒரு படியில் உட்காருவாள். கையூன்றி அடுத்த படிக்கு உடம்பை நகர்த்துவாள். நின்று மூச்சு வாங்குவாள். நான் அவளுக்கு ஒரு படி கீழே, முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினேன். அவள் சரிந்தால் தாங்க என்னால் முடியாது என்று கணக்குத் தெரிந்தவளாகவே நின்றேன். வளைவில் இரண்டு சுவரும் அவள் தோளைத் தொட்டன. அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது.

"அப்பாவ இங்கதான மடக்குனாங்க?"

"பேசாதம்மா. மூச்சு விடு."

"பாவம், அவருக்கு வலிச்சிருக்கும்" என்றாள்.

கீழ்ப்படியை அவள் கால் தொட்டபோது தார்ப்பாய் வாசலை முழுதாக மூடியிருந்தது. உள்ளே இருட்டு, எண்ணெய் வாடை. வெளியே தெரு இருப்பதே தெரியவில்லை. அம்மா சுவரைப் பிடித்துத் தானாக எழுந்து நின்றாள். "பாத்தியா, எறங்கிட்டேன்" என்றாள்.

ஷரீஃபுன்னிசா சொல்லியனுப்பி, லியோனார்ட் அரைநாள் லீவு போட்டு டாக்சியோடு வந்தார். டிரைவர் அம்மாவைப் பார்த்ததும், "ஸ்பிரிங்கு தாங்குமா நைனா?" என்றான். "மூடிக்கினு ஓட்டு" என்றார் லியோனார்ட். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அம்மாவின் முதுகிலும் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். அம்மாவை அப்படித் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். இருதயம் பெருத்துவிட்டது, நுரையீரலில் நீர் ஏறிவிட்டது என்றார்.

"எட்டு மாசமா இப்படின்னு சொல்றீங்க. ஏம்மா முன்னாலயே கூட்டிட்டு வரலை?"

"மாடி வீடு. படிக்கட்டு குறுகல்" என்றேன்.

அவர் புரிந்ததுபோலத் தலையசைத்தார்.

நான்காம் நாள் அம்மா இறந்தாள். வயது நாற்பத்தெட்டு.

மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்று ஷரீஃபுன்னிசா தன் முன்னறையைக் காலி செய்து கொடுத்தாள். தையல் மிஷினை முற்றத்துக்குத் தள்ளி, தரையைக் கழுவி, எங்கள் சிலுவையை வைக்கச் சுவரில் ஆணியும் அடித்துவைத்திருந்தாள். ஜெபம் சொல்ல வந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்துருப்பா" என்றாள்.

"அம்மா ஒரு வேளை கஞ்சிதான் குடிச்சாங்க."

"எல்லாரும் அப்டித்தாண்டி சொல்லுவாங்க" என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

பெட்டி தடங்கலில்லாமல் வாசலைத் தாண்டியது. லியோனார்ட் தலைமாட்டில் பிடித்தார். அவர் வாயே திறக்கவில்லை. சுமப்பவர்கள் சீக்கிரம் சீக்கிரமாகத் தோள் மாற்றினார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் காதைத் தீட்டிக்கொண்டேன். யாராவது முனகுவார்களா, ஒரு வார்த்தை விழுமா, அதை இன்னொருவன் பிடித்துக்கொள்வானா. கல்லறை வரை நான் பெட்டியைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் நின்றவர்களின் வாய்களைத்தான், ஒவ்வொன்றாக, பார்த்துக்கொண்டே போனேன்.