செத்தவர்கள் மூச்சுவிடும் படங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் மாதம் தவறாமல் வருவார். நரைத்த கொண்டை, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கேட்பதெல்லாம் ஐம்பது வருடத்துக்கு முந்திய மலிவான ஆங்கிலப் படங்கள்தான். சிவப்புச் சாயத்தை வாளியால் ஊற்றி எடுத்த வெட்டுக்குத்துப் படங்கள்.

ஒருமுறை நானாகவே புதிய படம் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். மறுநாளே திரும்பி வந்தார்.

“இதை அழிச்சுவிடுங்கோ தம்பி. இதில செத்தவன் உண்மையாவே செத்த மாதிரிக் கிடக்கிறான்.”

“பழைய படத்திலயும் சாகினம்தானே அன்ரி?”

“ஓம். ஆனா வெட்டுப்பட்டுக் கிடக்கிறவன்ர நெஞ்சு ஏறி இறங்கும். நான் அதைத்தான் பார்க்கிறனான்.”

அழித்துக் கொடுத்தேன். சண்டைக் காலத்தில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.