மலைக்கு வாங்கின லென்ஸ்

பாறசாலையிலிருந்து கொல்லயிலுக்குப் போகிற ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிற ஜெயனிடம் கேட்காமல் இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்ப மாட்டார்கள். மூணாறுக்கு எந்த லென்ஸ், ராஜஸ்தானுக்கு எது, மழை பெய்கிற மேகாலயாவுக்கு எது என்று கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொடுப்பான். ஆனால் அவன் போன தூரம் என்ன தெரியுமா? வடக்கே கொச்சி, தெற்கே கன்னியாகுமரி. வயசு நாற்பத்தொன்று.

ஏன் போகவில்லை என்றால், சாவுதான் காரணம். அவன் சாவு இல்லை, ஊர்க்காரர்கள் சாவு.

இங்கே பல வீடுகளில் ஒரு ஆள் போய்விட்டால், சவப்பெட்டியை மூடும் முன்பு குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்தாகவேண்டும். லீவு கிடைக்காமல் துபாயிலும் அயர்லாந்திலும் கிடக்கிற பிள்ளைகளுக்குப் போய்ச்சேர வேண்டிய படம். முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். நடுவில் பெட்டி, சுற்றி முப்பது பேர். படம் எடுக்கிறவனுக்கு மிச்சம் கிடைப்பது ஒரு மூலை. ஜெயன் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எடுப்பான். அப்படி எடுத்தாலும் ஓரத்தில் நிற்கிற ரெண்டு பேர் விட்டுப்போவார்கள். விட்டுப்போனவர்கள் அதைச் சாகிறவரை சொல்லிக் காட்டுவார்கள்.

கல்யாணக்காரன் ஆறு மாசம் முன்னாலேயே தேதி சொல்லுவான். சாவுக்காரன் சொல்லுவானா? ஹம்பிக்குக் கிளம்பினவன் பாலராமபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினான். மேகாலயா டிக்கெட்டைக் கேன்சல் செய்தான். மூன்றாம் தடவை பையைக்கூட எடுத்து வைக்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவன் மனைவி ஷிஜாவிடம் கேட்டுப் பாருங்கள்.

"நாளைக்கு நம்ம வீட்ல ஒண்ணுன்னா பெட்டி பிடிக்க எவன் வருவான்?" என்பாள்.

கூடப் படித்த விபின் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வருஷம் தவறாமல் எங்காவது மலைக்குப் போவான். போன வருஷக் கடைசியில் வந்து, "எலே, செப்டம்பர்ல ஸ்பிதி. பனிமலையாக்கும். நீ வாற, இனி நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றான். ஜெயனுக்குள் என்னமோ இளகிப்போனது. இந்தத் தடவையும் போகாவிட்டால் இனி ஜென்மத்தில் போகப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

மூன்று மாசம் லென்ஸ் யோசித்தான். இதில் நம்பர் குறையக் குறையப் பரப்பு கூடும். கையில் இருந்தது இருபத்திநாலு. ஆளுக்கு நல்லது, மலைக்கு இடுக்கம். விபின் சொன்னது பதினாறு முதல் முப்பத்தைந்து வரை போகிற ஜூம்: "மலையும் எடுக்கலாம், மனுஷனையும் எடுக்கலாம். ஒண்ணு போதும், ரெண்டுக்கும் ஆகும்."

"ரெண்டுக்கும் ஆகுறதுதான் எனக்கக் கேடு" என்றான் ஜெயன்.

அவன் கண் போனது பதினாலு மேல். முன்கண்ணாடி உருண்டு துருத்திக்கொண்டிருக்கும், மூடி போட்டுக் காப்பாற்றுவதே பாடு. ஆனால் மலையும் அதற்கு மேலே வானமும் அப்படியே உள்ளே வந்துவிடும். ஒரே குறை, ஓரத்தில் ஆள் நின்றால் தலை பலாக்காய் மாதிரி நீண்டுபோகும். அந்தக் குறைக்காகத்தான் ஜெயன் அதைத் தேர்ந்தெடுத்தான். மனுஷனுக்கு உதவாத லென்ஸ் கையில் இருந்தால் எவன் சாவுக்குக் கூப்பிடுவான்? நெய்யாற்றின்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற ரெஜித்திடம் அப்படி ஒன்று சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. தன்னுடைய இருபத்திநாலைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டான்.

"ஒனக்கு வட்டா, பைத்தியமா? இத வச்சி சாவு வீட்ல என்ன செய்யுவ?" என்றான் ரெஜித்.

"இனி சாவெல்லாம் ஒனக்கு. இது மலைக்குள்ளதாக்கும்."

அன்று ஜெயன் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததை ஷிஜா இன்றைக்கும் சொல்லுவாள்.

ஜூலையில், நாலு வீடு தள்ளி இருந்த சுகுமாரி அக்கா போனாள். ரெஜித் ஆற்றிங்கலில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். மூத்த மகன் மனு வந்து நின்றான். "மக்கா, எனக்க கையில மலை லென்ஸுதான் உண்டு, மூஞ்சி கோணும்" என்று ஜெயன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "கோணினா கோணட்டு அண்ணா, படம் வேணும்" என்றான் மனு. போகாமல் முடியுமா?

மனுவுக்கு அஜேஷ் என்று ஒரு தம்பி. ஒரு வேலித் தகராறில் பதினொரு வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அம்மா செத்த அன்றும் அஜேஷ் முன்னறைக்குள் வரவில்லை. நாற்காலி மேல் நின்ற ஜெயன் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறெதையும் கவனிக்கவில்லை. ஸ்டுடியோவில் வந்து கம்ப்யூட்டரில் திறந்தபோதுதான் கண்டான். வலது ஓரத்தில், பக்கத்து வாசலுக்கு வெளியே, நிலையைப் பிடித்துக்கொண்டு அஜேஷ். தலை நீண்டு, தோள் வளைந்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கண் அம்மா மேல் இருந்தது.

ஓரத்தை வெட்டிவிடலாம் என்றுதான் மௌஸைப் பிடித்தான். கை வரவில்லை. அந்த ஒரு வெட்டை வெட்டியிருந்தால் அவன் இன்றைக்கு ஸ்பிதி கண்டவன், கேட்டியளா.

படத்தை வாங்கின மனு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அதை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தான். ரெண்டு பேரும் அழுதார்கள் என்று ஊர் சொன்னது. வேலியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையாம்.

அவ்வளவுதான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஜெயனுடைய லென்ஸில் ஒரு ஆளும் விட்டுப்போகாது என்று பூவார் வரைக்கும் பேச்சு. "தல கோணினா என்ன, ஆளு உண்டே" என்றார்கள். ரெஜித்தே போனைப் போட்டு, "அந்த வேலை ஒனக்குத்தான் மக்கா, என்னைய ஒருத்தனும் கூப்பிடுறதில்ல" என்றான். ஆகஸ்டில் மட்டும் ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மூலை, நாற்காலி, சுவர். ஒரு எட்டு நாள், எட்டே நாள், இந்த ஊரில் ஒருத்தரும் சாகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டான். இதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

செப்டம்பரில் கிளம்புகிற காலையும் வந்தது. பாறசாலை ஸ்டேஷனில் விபினும் அவனும் திருவனந்தபுரம் வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அங்கிருந்து விமானம். பை மடியில், லென்ஸ் பையில். போனை அணைக்கப் போனபோது அது அடித்தது. அஜேஷ்.

"அண்ணா, எனக்க மாமனார் சோமன் போயாச்சு. கோட்டுகால்ல. மத்தியானம் உச்சைக்கு எடுக்குறோம்."

"நான் வண்டியில இருக்கேன் மக்கா."

"தெரியும் அண்ணா. ஒங்க வீட்ல கேட்டுட்டு ஸ்டேஷனுக்குத்தான் வந்தேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தான். பிளாட்பாரத்தின் ஓரத்தில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அஜேஷ் நின்றான். கிட்டே வரவில்லை, கெஞ்சவில்லை. அன்றைக்கு வாசலில் நின்ற அதே நிற்பு.

"லென்ஸ அவன்கிட்ட கொடுத்து விடு. ரெஜித் எடுப்பான். நீ வா" என்றான் விபின்.

லென்ஸ் இல்லாமல் ஸ்பிதிக்குப் போய் எதை எடுக்க? அதை எடுத்துக்கொண்டு போனால், தூணைப் பிடித்து நிற்கிற அவனை என்ன செய்ய? வண்டி சங்கு ஊதினது. ஜெயன் பையோடு இறங்கினான். அவனுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. வண்டி போகிறவரை அஜேஷின் முகத்தைப் பார்க்கவில்லை, கண் நிறைந்துவிட்டது.

கோட்டுகாலில் முன்னறை ஒன்பதுக்குப் பத்துதான். நாற்காலி போட்டு ஏறினான்.

"இன்னும் ஒரு எட்டு பின்னால போங்க அண்ணா, மனு அண்ணன் வெளிய நிக்குது" என்றான் அஜேஷ்.

"பின்னால சுவராக்கும் மக்கா. நீ போய் அவன உள்ள கூட்டிட்டு வா."

அஜேஷ் போய் அண்ணனைக் கைப்பிடித்து உள்ளே கொண்டுவந்தான். எல்லாரும் வந்தாயிற்று. ஜெயன் மூன்று படம் எடுத்தான்.

இறங்கும் முன் போன் துடித்தது. விமானநிலையத்திலிருந்து விபின். 'எலே, எனக்க பையில பதினாறும் இருபதும் உண்டு. மலைக்கு எத மாட்டணும்?'

நாற்காலி மேல் நின்றபடியே ஜெயன் பதில் எழுதினான்: 'பதினாறு. வெயில் ஏறுறதுக்கு முன்ன எடு. நல்லா பின்னால போய் நின்னு எடு மக்கா. அங்க இடம் உண்டுல்லா.'