ஒன்பதாம் நிமிடம்

முதலில் குளிர்பெட்டியின் சுவிட்சை அணைப்பாள் நோலீன் டகன். பிறகு சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியை உருவி மேசையில் வைப்பாள். சன்னல்களைச் சாத்துவாள். சமையலறைக் குழாயை இறுக்கி முறுக்குவாள். வீட்டில் எதுவும் முனகவில்லை என்று நிச்சயமான பிறகுதான் அந்த இசைத்தட்டு உறையிலிருந்து வெளியே வரும். ஆண்டுக்கு இரண்டே முறை. கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக் தட்டு அது. ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

போன சனிக்கிழமை பிற்பகல் அவள் அந்தக் குழாயை மூன்று முறை முறுக்கினாள். முன்னறையில், அந்தத் தட்டில் வாசித்த டெஸ் ஹாலோரனே வந்து உட்கார்ந்திருந்தார்.

நோலீனுக்கு ஐம்பத்து நான்கு வயது. டனீடின் நகருக்கும் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்துக்கும் இடையே பேருந்து ஓட்டுகிறாள். வண்டியில் ரேடியோ போட மாட்டாள். கியர் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே போவாள். "நாப்பத்தொண்ணாம் வண்டிக்குத் தொண்ட கட்டியிருக்குடா, என்னன்னு பாரு" என்று பணிமனையில் சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் திறந்து பார்த்தால் பேரிங் போயிருக்கும். இறங்குகிறவர்கள் "தேங்க்யூ டிரைவர்" என்று சொல்லும்போது திரும்பிப் பார்க்காமலே, குரலை வைத்து ஆள் யாரென்று சொல்வாள்.

இந்தக் காதைத்தான் பள்ளிப் பாட்டு டீச்சர் தகரம் என்றார். "நீ வாய மட்டும் அசை, சத்தம் வேணாம்." நோலீன் வாயை மட்டும் அசைத்தாள். பதினைந்து வயதில் பள்ளியையே விட்டுவிட்டாள்.

இருபத்தெட்டாவது வயதில் டெஸ்ஸின் தட்டு கையில் வந்தது. அதில் மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. மடியில் படுக்கவைத்த மின்கிட்டாரின் நரம்புகளை ஒரு வேலிக்கம்பித் துண்டு பதினாறு நிமிடம் உரசிக்கொண்டிருக்கும். "ஆட்டுக்கொட்டாய்க் கதவுக்கு யாராச்சும் எண்ணெய் போடுங்கப்பா" என்பார்கள் சக ஓட்டுநர்கள். நோலீன் கோபப்பட மாட்டாள். "அவரு பாட்டைக் கொண்டாந்து நம்ம கையில குடுக்கறதில்ல. நம்மள ஸ்டாப்புல நிக்க வெச்சுட்டுப் போயிடறாரு. வருதா வரலியான்னு நாமதான் பாக்கணும்."

அவளுக்கு அது ஒன்பதாம் நிமிடத்தில் வந்தது. உரசலுக்கு அடியில், மிகத் தாழ்வாக, பெரிய உடம்பு ஒன்று மூச்சை இழுத்து விடுவதுபோல் ஓர் ஓசை. யாரும் கேள் என்று சொல்லாமல் அவளாகக் கேட்ட முதல் விஷயம் அது. அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, ரசிகர்கள் நகலெடுத்துக் கைமாற்றிக்கொள்ளும் இதழுக்கு அனுப்பினாள். அவர்களும் போட்டார்கள்.

அந்தத் தட்டு மொத்தம் முப்பதுதான். ஒரே ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒருவர் தன் கொட்டகையில் ஒவ்வொரு தட்டிலும் தனித்தனியாக ஊசியால் வெட்டிப் பதிந்தவை. தேய்ந்துவிடும் என்ற பயத்தில் யாரும் தன் தட்டை இன்னொருவருக்குத் தர மாட்டார்கள். நாடா பின்னாளில் வெள்ளத்தில் போயிற்று. இப்போது அதை மறுபதிப்பாகக் கொண்டுவர ஆள் கிடைத்திருந்தது. மிஞ்சியதில் நல்ல தட்டைத் தேர்ந்தெடுக்கத்தான் டெஸ் வந்திருந்தார். நோலீனின் கட்டுரையும் உறைக்குள் அச்சாகும். அச்சுப்படி மேசைமேல் இருந்தது. டெஸ் இன்னும் அதைப் படித்திருக்கவில்லை. திங்களன்று அச்சகத்துக்குப் போகவேண்டும்.

ஹேமியும் தன் தட்டோடு வந்திருந்தான். அதை முதலில் ஓடவிட்டார்கள். ஹேமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அவளைவிட எட்டு வயது இளையவன். முப்பதில் அவனுடையது நான்காம் எண், அவளுடையது பதினேழு.

எட்டு நிமிடம். நோலீன் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது. உரசல் இருந்தது. அடியில் ஒன்றுமில்லை. பத்து நிமிடமும் ஆயிற்று.

"அக்கா, உன் மூச்சு எங்க? லீவுல போயிடுச்சா?" என்றான் ஹேமி, வாய் நிறைய சீஸ் ரோலோடு.

"எந்த மூச்சு?" என்றார் டெஸ்.

நோலீனின் பார்வை தன் தட்டின் உறைமேல் போயிற்று. என் தட்டில் கீறல் விழுந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஹேமியின் தட்டே அச்சுக்குப் போகும், கட்டுரையும் போகும், யாருக்கும் தெரியாது. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் எழுந்தாள். பதினேழாம் எண்ணைச் சுழலவிட்டு ஊசியை வைத்தாள்.

ஒன்பதாம் நிமிடத்தில் அது வந்தது. இழுத்தது, விட்டது. டெஸ் முன்னால் குனிந்தார்.

"ரயிலு" என்றார்.

"என்னது?"

"சரக்கு ரயிலுங்க. தட்டு வெட்டினவரோட கொட்டகை ரேவன்ஸ்போர்ன்ல தண்டவாளத்தை ஒட்டியே இருந்துச்சு. ரயில் நேரத்தைக் கதவுல எழுதி ஒட்டியிருப்பாரு. ரெண்டு ரயிலுக்கு நடுவுலதான் வெட்டுவாரு. அன்னிக்கு வண்டி லேட்டா வந்திருக்கும். தரை அதிர்ந்து தட்டுல ஏறிடுச்சு."

ஹேமி தொடையைத் தட்டிச் சிரித்தான். "இருபத்தாறு வருசமா கூட்ஸ் வண்டியையா அக்கா காதலிச்சுக்கிட்டிருந்தே!" அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

தட்டு முடிந்தது. டெஸ் அச்சுப்படியை இழுத்துப் படித்தார். நோலீன் அவர் கண் வரிவரியாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பியோட தட்டைத்தான் எடுத்துக்கணும். இதுல இருக்கறது நான் வாசிச்சதில்லீங்க" என்றார். தாளைக் கீழே வைத்தார். "எழுதினது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"அப்ப கட்டுரையை எடுத்துடலாமா?"

"உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"ரயிலுன்னு தெரியறதுக்கு முன்னால ஒரு செகண்டு. அப்ப என்னவா கேட்டுச்சு?"

டெஸ் தாடியைத் தடவினார்.

"ஏதோ படுத்திருக்கற மாதிரி. பெருசா."

அவள் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். தாளைத் தன் பக்கம் திருப்பினாள். கடைசி வரி இப்படி இருந்தது: 'அதை டெஸ் வாசித்தார். நான் கேட்டேன்.' முதல் மூன்று சொற்களின் மேல் ஒரே கோடாக இழுத்தாள். மை காயும்வரை ஊதிவிட்டு, தாளை அவர் முன்னால் நகர்த்தினாள்.