பூட்டின் சவுண்டு சிப்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்கு என் மச்சானின் கட்டைவிரலைக் காட்டத் தயார். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இது ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் நடந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. டிவி மெக்கானிக். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. காசு போட்டு நின்றுகொண்டே விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகள் இருந்தனவே, அவற்றின் சிப்புகளில் பூட்டி வைத்திருக்கும் தகவலை உடைத்து, ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது. இதற்கென்றே ஆன்லைனில் ஒரு குழு. அங்கே வேலையை விடச் சண்டைதான் அதிகம். யார் எடுத்த தகவல், யாரைக் கேட்டு வெளியே விட்டாய் என்று தினமும் பஞ்சாயத்து.

அந்தக் குழுவில் ஒருவன் எடுத்துக் கொடுத்த தகவலை, மற்றவர்கள் தங்கள் பெயரைப் போட்டு வெளியே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் யாருக்கும் எதுவும் தரவில்லை. ‘பூட்டு’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். யாராவது கேட்டால் போனில் முதலில் ஓர் இருமல் வரும், அப்புறம் “தர மாட்டேன்.” எங்குமே கிடைக்காத ஓர் ஆட்டத்தின் சிப்புகள் பதித்த போர்டு அவனிடம் இருந்தது. போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான்.

மச்சான் அந்தப் பூட்டின் அக்காவைப் போய்ப் பார்த்து போர்டைக் கேட்டான்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. வெளியே மட்டும் விட்டுடாதீங்க. அவன் மனசு தாங்காது.”

“சத்தியமா விட மாட்டேன்க்கா.”

வீட்டுக்கு வந்த கையோடு குழுவில் போட்டான்: ‘ஞாயிறு மூணு மணிக்கு எல்லாருக்கும் கிடைக்கும்.’ செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்ற தைரியம். நாலு பேர் ஆகா ஓகோ என்றால் போதும், அவனுக்குத் தலைகால் புரியாது.

ஞாயிறு மதியம். வீட்டில் யாரும் இல்லை. படங்கள் இருந்த சிப்புகளிலிருந்து தகவல் மளமளவென்று வந்துவிட்டது. கடைசியாகச் சவுண்டு சிப். போர்டிலிருந்து நெம்பி எடுக்கும்போது அதன் கம்பிக் கால்கள் கட்டைவிரலில் குத்தி ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, சிப்பைப் படிக்கும் ரீடரில் பொருத்தினான்.

ஒரு சிப்பை எத்தனை முறை படித்தாலும் ஒரே தகவல்தான் வர வேண்டும். மூன்று முறை படித்து ஒப்பிடுவது இந்த வேலையின் பாலபாடம்.

2:40. முதல் முறை. போட்டுக் கேட்டான். வெறும் இரைச்சல்... நடுவில் ஓர் இருமல்.

2:46. இரண்டாம் முறை. முதலில் வந்ததோடு ஒத்துப்போகவில்லை. இருமல். பிறகு... “அக்காகிட்ட...”

எங்கோ வேறு நாட்டில் செய்த ஆட்டம். அதில் தமிழ் எப்படி வரும்?

2:51. மூன்றாம் முறை. இரைச்சலே இல்லை.

“அக்காகிட்ட என்ன சொன்ன?”

பூட்டின் குரல்.

சிப்பைப் பிடுங்கி எறியக் கையை நீட்டினான்.

ரீடர் காலி.

மேசையில் இல்லை. தரையில் இல்லை.

ஸ்பீக்கரில் மறுபடி... இருமல்.

அதுவரை எடுத்த தகவல் அத்தனையையும் அழித்தான். மூன்று மணிக்குக் குழுவில் வசவு ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் ‘சின்னப் பூட்டு’ என்று அவனுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் போர்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தான்.

“யாருக்கும் தரலைக்கா. ஆனா சவுண்டு சிப் மட்டும் தொலைஞ்சுபோச்சு. மன்னிச்சுடுங்க.”

அக்கா போர்டைத் திருப்பிப் பார்த்தார்.

“அது இதுல இல்லையே தம்பி. யார் கைக்கும் போகக் கூடாதுன்னு அவனே கழட்டி வச்சிருந்தான். கடைசியா அவன் சட்டைப் பையில வச்சு நான்தானே சுடுகாட்டுக்கு அனுப்பினேன்.”

மச்சான் கட்டைவிரலைப் பார்த்தான். வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

இன்றுவரை அவை ஆறவில்லை.